தண்ணீருக்குத் தீ வைத்தவர்

தண்ணீரைக் கொளுத்திய குற்றத்துக்காகத் தேலியோவைக் கைது செய்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன.

போலீஸ் அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. தனியார் துப்பறிவாளர் ஸ்தோய்கா ராதுலோவா அதை இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்து மேஜையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா அடுக்குரொட்டியை மென்றுகொண்டிருந்த தன் உதவியாளன் மிஞ்சோவிடம் நீட்டினாள். அவன் விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"'ஷிஷ்கோவ் பெயிண்ட் தொழிற்சாலையின் காவலாளி தேலியோ, வயது ஐம்பத்தெட்டு, முற்றத்தில் இருந்த அறுபது கழிவுநீர்ப் பீப்பாய்களில் ஒன்றுக்குத் தீ வைத்தார். பீப்பாயில் இருந்தது தண்ணீர் என ஆய்வுக்கூடம் சான்றளித்துள்ளது.' மேடம், இந்த ஆளை வெளில விடாதீங்க. அடுத்து ஆத்தைக் கொளுத்திருவாரு. மீனெல்லாம் வறுவலாத்தான் கிடைக்கும்."

எதிர் நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. அவள் ராய்னா, தேலியோவின் மனைவி. கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஞ்சோ தன் சிரிப்பைப் பனித்ஸாவோடு சேர்த்து விழுங்கினான்.

"அவரு குடமிளகா சுட்டுக்கிட்டு இருந்தாரும்மா," என்றாள் ராய்னா. "பட்டப்பகல்ல. வருஷா வருஷம் செப்டம்பர்ல காவல் இருக்கிற இடத்துலயே மின்னடுப்பை வச்சு சுட்டுருவாரு. முதலாளிக்கும் தெரியும். அன்னிக்குத் திடீர்னு தரையோட தரையா நீல நெருப்பு ஓடுச்சாம். அடுத்த நிமிஷம் ஒரு பீப்பா டமார்னு மேல போயிருச்சாம்."

"அப்புறம்?"

"பக்கத்துல நின்ன நாலு பீப்பாயையும் தன்னந்தனியா உருட்டித் தூரக் கொண்டுபோய்ட்டாரு. புருவம் ரெண்டும் பொசுங்கிப்போச்சு. உள்ளங்கை பூரா கொப்புளம். இன்ஸ்பெக்டர் கோலேவ் என்ன கேட்டாரு தெரியுமா? 'உள்ள இருக்கிறது வெறும் தண்ணி. தண்ணியை எதுக்குய்யா உருட்டினே? நீயே பெட்ரோல் ஊத்தியிருக்கே, அதான் பயந்திருக்கே'ன்னு."

"இவரு என்ன சொன்னாரு?"

"'எரிஞ்சுது சார், அதான் உருட்டினேன்'னாரு. அதைக் குற்றத்தை ஒப்புக்கிட்டதா எழுதிக்கிட்டாங்க."

ஸ்தோய்கா எழுந்து கோட்டை மாட்டினாள். "மிச்சம் இருக்கிற பீப்பாயெல்லாம் எங்க?"

"அங்கேயேதான். இன்னைக்கு நாலு மணிக்கு லாரி வருதாம். பழைய கல்குவாரிப் பள்ளத்துல கொட்டிருவாங்களாம். தண்ணிதானேன்னு."

சுவர்க் கடிகாரம் பத்து என்றது.

"கொட்டிட்டா அது தண்ணியா நெருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது," என்றாள் ஸ்தோய்கா. "மிஞ்சோ, வண்டியை எடு."

*

ஆய்வுக்கூடத்தில் இருந்த இஸ்க்ராவுக்கு அறுபது வயது. முழங்காலில் கட்டு, முகத்தில் கோபம்.

"பதினெட்டு வருஷமா டெஸ்ட் பண்றேன். என் ரிப்போர்ட் தப்புன்னு சொல்ல வந்தீங்களா?"

"இஸ்க்ரான்னா தீப்பொறின்னு அர்த்தம்," என்றான் மிஞ்சோ. "தீப்பொறி கையெழுத்துப் போட்டு 'இது எரியாது'ன்னு சொன்னா சந்தேகம் வராதாக்கா?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்தாள். மூடியில் வெப்பமானி செருகியிருந்தது. தொழிற்சாலைக் கழிவில் மிச்சம் வைத்திருந்த குப்பியிலிருந்து கொஞ்சம் ஊற்றி, மெதுவாகச் சூடேற்றினாள்.

"ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியில இருக்கிற துவாரத்தைத் திறந்து, பட்டாணி அளவு நெருப்பை உள்ள காட்டணும். ஆவி பத்திக்கிட்டா பளிச்னு ஒரு நீல வெளிச்சம் வரும். அறுபது டிகிரிக்குள்ள பளிச்னா அது அபாயக் கழிவு. தனி லாரி, தனி உலை, கட்டுக் கட்டா காகிதம். அறுபது தாண்டியும் சும்மா கிடந்தா சாதாரணக் கழிவு. கண்ணால பாருங்க."

பார்த்தார்கள். ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. கிண்ணம் சாதுவாக இருந்தது. அறுபத்தைந்தில் இஸ்க்ரா வெற்றிப் புன்னகை பூத்தாள். எழுபதில் மிஞ்சோவுக்குக் கொட்டாவி வந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டா முட்டை அவிச்சிரலாம் மேடம்."

"எப்பவுமே இப்படித்தான் வருமா?" ஸ்தோய்கா கேட்டாள்.

"மார்ச் வரைக்கும் ஒவ்வொரு மாசமும் பளிச்தான். இந்த ஏப்ரல்லேர்ந்து சுத்தம். தண்ணி பெயிண்டுக்கு மாறிட்டாங்கன்னு நெனச்சேன்."

"சாம்பிள் எப்படி எடுக்கறீங்க?"

"முன்னெல்லாம் முக்காலி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, நீளமான கண்ணாடிக் குழலை அடி வரைக்கும் விட்டு எடுக்கணும். இந்த முழங்காலோட உயிர் போகும். இப்ப ஒவ்வொரு பீப்பாய்லயும் குழாய் வச்சுக் குடுத்துட்டாங்க. உட்கார்ந்த இடத்துலயே திருகிப் புடிச்சுக்கறேன்." அவள் குரல் இளகியது. "நல்ல மனுஷங்க. யாரு இந்தக் காலத்துல அடுத்தவ முழங்காலைப் பத்தி யோசிக்கிறா?"

வெளியே வந்ததும் மிஞ்சோ சொன்னான். "டெஸ்டு சரி. ரிப்போர்ட்டு சரி. தேலியோதான் தப்பு போல."

"டெஸ்டு சரிதான். ஆனா கழிவுப் பீப்பாய்க்கு எதுக்குடா குழாய்?"

*

முற்றத்தின் கோடியில் ஐம்பத்தொன்பது நீலப் பீப்பாய்கள் வரிசை எண்களோடு நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சள் பளபளக்கும் புத்தம்புதிய பித்தளைக் குழாய்.

"தாகம் எடுத்தவங்க வந்து புடிச்சுக் குடிக்கவா?" என்று மிஞ்சோ குனிந்தபோது விசில் சத்தம் கேட்டது.

ஆரஞ்சு நிறத் தலைக்கவசமும் மஞ்சள் அங்கியும் அணிந்த ஒருவர் பெரிய பெரிய அடிகளாக வைத்து வந்தார். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி தஷேவ். வந்த வேகத்தில் ஒரு சீட்டைக் கிழித்து மிஞ்சோவின் கையில் வைத்தார்.

"தலைக்கவசம் இல்லை. முதல் எச்சரிக்கை."

"நான் இங்க வேலை பார்க்கல சார்."

இன்னொரு சீட்டு. "எதிர்த்துப் பேச்சு. ரெண்டாவது எச்சரிக்கை."

ஸ்தோய்கா ஒரு பீப்பாயின் மூடியைத் தொடப் போனாள். தஷேவ் குறுக்கே வந்து நின்றார். "சீல் வச்சாச்சு. இனிமே லாரிக்காரங்கதான் திறக்கணும். விதி."

"தேலியோ மேல புகார் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான். பாதுகாப்புன்னு வந்துட்டா எனக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது."

"இந்தக் குழாய்?"

"முதலாளி உத்தரவு."

அந்த முதலாளியே அப்போது வந்தார். ஷிஷ்கோவ், கதவளவு அகலமான மனிதர். கக்கத்தில் ஒரு கரி மூட்டை. "துப்பறியும் அம்மாவா? நல்ல நாளா பார்த்து வந்திருக்கீங்க! தொழிற்சாலைக்கு இன்னைக்கு இருபத்தஞ்சு வயசு. ரெண்டு மணிக்குக் கறி சுடறோம். இன்ஸ்பெக்டர் வர்றாரு. நீங்களும் வந்திரணும்."

"அதுக்கு முன்னாடி ஒரு பீப்பாயைத் திறந்து பார்க்கலாமா?"

"தாராளமா! குடிச்சுக்கூடப் பாருங்க!"

"சீல் சார்," என்றார் தஷேவ்.

ஷிஷ்கோவ் தோளைக் குலுக்கினார். "பார்த்தீங்களா? என் தொழிற்சாலைல நானே இவருக்கு ஒளிஞ்சுதான் சிகரெட் புடிக்கிறேன்."

*

ஊரில் பித்தளைக் குழாய் விற்கும் கடை ஒன்றுதான். கடைக்காரர் பனாயோத் கேள்வியை முடிக்க விடவில்லை.

"அறுபது குழாய்! மறப்பேனா? திராட்சை பறிச்சதுக்கு அப்புறம் ஒயின் பீப்பாய்க்குன்னு எல்லாரும் வாங்குவாங்க. இந்த ஆளு ஏப்ரல்ல வாங்கினான். ஏப்ரல்ல எவன்யா ஒயின் போடுவான்?"

"யாரு அந்த ஆளு?"

"முகத்தைப் பார்க்கல. ஃபோன்லதான் ஆர்டரு. பணம் கவர்ல வந்துச்சு, சரக்கு டாக்ஸில போச்சு. பில்லு ஷிஷ்கோவ் பெயிண்ட் பேருக்கு. குழாய் பீப்பாயோட அடியில ஒட்டி உட்காரணும், ஒரு விரல்கூட மேல ஏறக்கூடாதுன்னு நூறு தடவை சொன்னான்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"குரலா? தின்னர் டின்னையெல்லாம் எங்க வச்சிருக்கேன்னு கேட்டான். வாசல்லன்னேன். வெயில்ல வச்சிருக்கியா, உனக்கு அறிவிருக்கான்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தான். குழாய் வாங்கறவனுக்கு இது தேவையா?"

"உள்ள எடுத்து வச்சீங்களா?"

பனாயோத் வெட்கப்பட்டார். "வச்சேன். கேட்கக் கேட்க பயமா இருந்துச்சு."

மிஞ்சோவுக்கு வழக்கு முடிந்துவிட்டது. பக்கத்து உணவுக்கடையில் குடல் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினான். "பில்லு முதலாளி பேருல. உத்தரவு முதலாளியோடது. சிரிச்சுக்கிட்டே வேற பேசறாரு. படத்துல சிரிக்கிறவன்தான் மேடம் எப்பவும் வில்லன்."

ஸ்தோய்கா அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேலே மிதந்த சிவப்புக் கொழுப்பை மட்டும் கரண்டி நுனியால் வழித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடியில இருக்கிறதைக் குடிக்க மாட்டியா?"

"அடியில என்ன இருக்கு? சுடுதண்ணி. சமாச்சாரம் எல்லாம் மேலதான் மேடம்."

ஸ்தோய்கா எழுந்து சமையல்காரரிடம் போய், நீளக் காம்பு வைத்த கரண்டி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள்.

"இதால ஷிஷ்கோவை அடிக்கப் போறீங்களா?"

"இல்ல. நீ தொழிற்சாலை காண்டீனுக்குப் போ. அங்க இதே மாதிரி நீலப் பீப்பாயில குடிதண்ணி வச்சிருப்பாங்க, காலையில பார்த்தேன். அதுக்கும் குழாய் உண்டு. அதுல முப்பத்தொண்ணுன்னு நம்பர் எழுதி, நான் சொல்ற நேரத்துக்கு உருட்டிட்டு வா."

*

இரண்டு மணிக்கு வாசல் பக்கம் கறியடுப்பு தயாராக இருந்தது. உண்மையான பீப்பாய்கள் நூறு அடிக்கு அப்பால், ஆவி அடுப்புப் பக்கம் வராதபடி காற்று போகிற திசையில் நின்றன. ஸ்தோய்கா எச்சில் தொட்ட விரலை உயர்த்தி அதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள்.

தொழிலாளிகள் தட்டுகளோடு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கோலேவ் பச்சைக் கறியையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளைக் கிண்ணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, எதற்கு வரச்சொன்னார்கள் என்று புரியாமல் இஸ்க்ரா உட்கார்ந்திருந்தாள். தள்ளி நின்ற தஷேவ், தொப்பி இல்லாமல் வெள்ளரிக்காய் வெட்டிய ஒருத்திக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மிஞ்சோ நீலப் பீப்பாய் ஒன்றைக் கடகடவென்று உருட்டி வந்து, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தி, மூடியைக் கழற்றினான்.

"முதலாளி," என்றாள் ஸ்தோய்கா உரக்க, "உங்க கழிவுத் தண்ணியை அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கேன். பத்தவைக்கலாம்ல?"

மிஞ்சோ முதலாளியின் முகத்தையே பார்த்தான். வியர்க்கும், வெளுக்கும், ஆள் காலில் விழுவார் என்று காத்திருந்தான்.

"வைங்க, வைங்க," என்றார் ஷிஷ்கோவ். "தீ ஜாஸ்தியானா அதுலேர்ந்தே ஒரு மக்கு அள்ளி ஊத்திக்கலாம்." தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினார். காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சி பற்றியது. அதை உள்ளங்கையில் மறைத்தபடி குனிந்தார்.

"மேடம், இவரு பயங்கரமா நடிக்கிறாரு," என்று மிஞ்சோ முணுமுணுத்தான்.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! படுங்க!"

அலறியது தஷேவ். சீட்டுப் புத்தகம் ஒரு பக்கம் பறந்தது. அவர் மேஜையைத் தாண்டி, வெள்ளரிக்காய்க்காரியைத் தாண்டி, வாசலில் அழகுக்குக் கட்டியிருந்த மீன் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். ஆரஞ்சுத் தலைக்கவசம் மட்டும் மேலே தெரிந்தது.

வேறு யாரும் அசையவில்லை. கரி நிதானமாகப் பற்றிக்கொண்டது. மிஞ்சோ குழாயைத் திருகி, ஒரு கோப்பை பிடித்துக் குடித்தான்.

"காண்டீன் தண்ணி," என்று அறிவித்தான். "கொஞ்சம் குளோரின் வாசம்."

கோலேவ் தட்டை வைத்துவிட்டுத் தொட்டியருகே போனார். "எதுக்கு சார் ஓடினீங்க?"

"ஒத்திகை," என்றார் தஷேவ், வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு. "பாதுகாப்பு ஒத்திகை."

ஸ்தோய்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். "தஷேவ், 'இது தண்ணீர், தீப்பிடிக்காது'ன்னு ஒவ்வொரு சான்றிதழ்லயும் தொழிற்சாலை சார்பா கையெழுத்துப் போட்டது நீங்க. அந்தக் கையெழுத்தை முதலாளி நம்பினாரு. இன்ஸ்பெக்டர் நம்பி ஒரு ஆளையே உள்ள வச்சாரு. இங்க நிக்கிற எல்லாரும் நம்பித்தான் நகராம நிக்கிறாங்க. நம்பாத ஒரே ஆளு நீங்கதான்."

தஷேவின் தலைக்கவசத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குழாய் வாங்கறப்பகூட உங்களால சும்மா இருக்க முடியல. கடைக்காரருக்கு நெருப்பைப் பத்திப் பாடம் எடுத்திருக்கீங்க. இந்த ஊர்ல வேற யாருக்கு அந்தப் பழக்கம் இருக்கு?"

பிறகு அவள் கரண்டியோடு முற்றத்தின் கோடிக்கு நடந்தாள். கோலேவே சீலை உடைத்து ஒரு பீப்பாயைத் திறந்தார். ஸ்தோய்கா கரண்டியை உள்ளே முக்காமல், மிஞ்சோ சூப்பை வழித்தது போல மேற்பரப்பை மட்டும் வழித்தெடுத்தாள். அடுப்பிலிருந்து வெகு தூரத்தில், அலுவலக அறை மேஜையில், இஸ்க்ரா அதைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றிச் சூடேற்றினாள்.

முப்பது. முப்பத்திரண்டு. முப்பத்தைந்து.

முப்பத்தாறில் பளிச்சென்றது.

இஸ்க்ராவின் கை வாய்க்குப் போயிற்று. "தின்னர்! மிஷினைத் தின்னர்லயும் கழுவறாங்க, தண்ணியிலயும் கழுவறாங்க. ரெண்டும் ஒரே பீப்பாய்க்குத்தான் வரும். தின்னர் மேல மிதக்கும். குழல்ல எடுத்தப்ப அதுவும் சேர்ந்து வந்துச்சு. நான் அடியில..." அவள் முழங்காலைப் பார்த்தாள். "அடியில புடிச்சது வெறும் தண்ணி."

"செப்டம்பர் வெயில்ல இரும்புப் பீப்பா முப்பத்தாறைச் சுலபமா தாண்டிரும்," என்றாள் ஸ்தோய்கா. "மூடி திறந்திருந்தா ஆவி தரையோட ஊர்ந்து தேலியோவோட அடுப்பு வரைக்கும் போயிருக்கும். மூடியைத் திறந்து வச்சது யாரு?"

"நான்தான்," என்றார் தஷேவ். கம்பளி போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். "எவ்வளவு தின்னர் சேர்ந்திருக்குன்னு பார்க்கத் திறந்தேன். எவனோ தலைக்கவசம் இல்லாம போனான். விசிலடிச்சுக்கிட்டு அவன் பின்னால ஓடினேன். மூடியை மறந்துட்டேன்."

ஷிஷ்கோவின் அகன்ற முகம் சுருங்கிப் போயிருந்தது. "எதுக்குய்யா இதெல்லாம்? நான் உன்னைக் கேட்டேனா?"

"அபாயக் கழிவே இல்லாத தொழிற்சாலைக்கு ஒரு கேடயம் தர்றாங்க. அதை வாங்கற அதிகாரிக்கு தலைநகர் சோஃபியாவில பெரிய உத்தியோகம். ரெண்டு வருஷம் கழிவைக் குறைக்கப் பார்த்தேன் சார். முடியல." தஷேவ் மூக்கை உறிஞ்சினார். "குழாயை இறக்கறது சுலபமா இருந்துச்சு."

மிஞ்சோ வாயைத் திறந்தான். ஸ்தோய்கா அவன் காலை மிதித்தாள்.

"தேலியோ உள்ள இருக்கிறது தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க," என்றாள் தஷேவிடம்.

"அவன் உருட்டலேன்னா அத்தனையும் வெடிச்சிருக்கும்," என்றார் தஷேவ் தரையைப் பார்த்தபடி. "எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

நாலு மணிக்கு வந்த லாரியைக் கோலேவே வாசலில் நின்று திருப்பி அனுப்பினார். அன்று அவர் கறி சாப்பிடவில்லை.

*

ஐந்து மணிக்குக் காவல்நிலையத்தின் பின்னறையைத் திறந்தார்கள். தேலியோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. புருவம் இல்லாத முகத்தில் எப்போதும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டது போல ஒரு பாவம்.

"நீங்க போகலாம்," என்றார் கோலேவ். "அது தண்ணி இல்ல."

தேலியோ எழுந்திருக்கவில்லை. ராய்னா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மூணு நாளா யோசிச்சேன்," என்றார் அவர் அவளிடம். "எல்லாரும் படிச்சவங்க. தண்ணின்னு காகிதத்துல காட்டறாங்க. தண்ணி எரியாது, அது எனக்கும் தெரியும். அப்ப நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன், மறந்து தொலைச்சுட்டேன்னு தோண ஆரம்பிச்சிருச்சு. நாளைக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுரலாம்னு இருந்தேன் ராய்னா."

மிஞ்சோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீங்க பார்த்தது நெருப்புதாண்ணே," என்றாள் ஸ்தோய்கா.

தேலியோ இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தார். "அதை எழுதித் தருவீங்களா சார்?"

கோலேவ் மேஜைக்குப் போய், ஒரு முழுத் தாளை எடுத்து, ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டுப் போட்ட கைகளால் தேலியோவால் அதைப் பிடிக்க முடியவில்லை. ராய்னா வாங்கிப் படித்தாள்.

"'காவலாளி தேலியோ பார்த்தது நெருப்பு.'"

தேலியோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை," என்றார்.